கான்சஸ் சிட்டி டிராம்: புதுத் தடம் திறக்கும் நாளில் ஏறுவோருக்கு

#1 புதுப்பயணி

அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் டிராம் தடத்தின் மெயின் ஸ்ட்ரீட் நீட்டிப்பு 2025 அக்டோபர் 24-ல் திறந்தாயிற்று. அடுத்தது மிசௌரி ஆற்றங்கரைக்குப் போகும் 0.7 மைல் நீட்டிப்பு. அது திறக்கும் நாளன்றே ஏற ஆசை. உடன் இரண்டு பிள்ளைகள், ஒரு ஸ்ட்ரோலர் (குழந்தைத் தள்ளுவண்டி). எங்கே ஏறுவது, எவ்வளவு நேரம் நிற்க வேண்டிவரும், டிக்கெட் உண்டா, வண்டி நடுவழியில் நின்றுபோனால் என்ன செய்வது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 தண்டவாளம்1435

டிக்கெட் கிடையாது. 2016 மே 6-ல் முதல் தடம் திறந்ததிலிருந்தே இந்த டிராம் இலவசம். தடத்தைச் சுற்றியுள்ள பகுதியைத் தனிப் போக்குவரத்து மாவட்டமாக வரையறுத்து, அதற்குள் கூடுதல் விற்பனை வரியும், சொத்துகள் மேல் ஒரு தீர்வையும் வாங்குகிறார்கள். வண்டி ஓடும் செலவு அதிலிருந்து வருகிறது. டிக்கெட் எந்திரமோ அட்டை தேய்க்கும் கருவியோ எங்கும் இல்லை. எந்தக் கதவிலும் ஏறலாம், எந்தக் கதவிலும் இறங்கலாம். இதைச் சின்ன விஷயமாக எண்ண வேண்டாம், பின்னால் வருகிறேன்.

பழைய தடம் ரிவர் மார்க்கெட்டிலிருந்து யூனியன் ஸ்டேஷன் வரை 2.2 மைல், அதாவது 3.5 கி.மீ., 16 நடைமேடைகள். வடக்கே ரிவர் மார்க்கெட்டுக்குள் ஒருவழிச் சுற்று. மெயின் ஸ்ட்ரீட் நீட்டிப்பு யூனியன் ஸ்டேஷனிலிருந்து தெற்கே பல்கலைக்கழக வளாகம் வரை இன்னொரு 3.5 மைல். வண்டி ஸ்பெயினின் காஃப் நிறுவனத்து உர்போஸ் 3, நியூயார்க் மாநிலத்தின் எல்மைராவில் கட்டியது. மூன்று பகுதிகள் மூட்டு போட்டு இணைந்த ஒரே வண்டி. முழுக்கத் தாழ்தளம், நெருக்கி நின்றால் 150 பேர் வரை. மேலே கம்பியில் 750 வோல்ட் நேர்மின்சாரம்.

மோட்டார் சக்தியோ தடத்தின் வேகவரம்போ திறப்பு நாளில் உங்களைக் காக்க வைக்காது. கதவுதான் காக்க வைக்கும். மற்ற எல்லா யோசனையும் இதிலிருந்துதான் வரும்.

#3 பாயிண்ட்மேன்

1435 சார் சொன்னதைக் கணக்காகப் போட்டுக் காட்டுகிறேன். 2016-ல் இருந்தவை 801 முதல் 804 வரை நான்கே வண்டிகள். ஒன்றை ஷெட்டில் மாற்றாக வைத்தால் தடத்தில் மூன்று. ஒரு முழுச் சுற்றுக்கு 36 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வண்டி என்றால் 12 நிமிடத்துக்கு ஒன்று. மணிக்கு ஐந்து வண்டி, ஒரு திசையில் 750 பேர்.

இப்போது ஒவ்வொரு நடைமேடையிலும் கூட்டத்தால் 20 விநாடி கூடுதலாக நிற்கிறது. 16 நடைமேடைக்கு 320 விநாடி. சுற்று 41 நிமிடம் 20 விநாடி ஆகிவிடும். இடைவெளி ஏறக்குறைய 13 நிமிடம் 47 விநாடி. மணிக்கு 750 பேர் என்பது 650-க்கு இறங்கிவிடும். கூட்டம் கூடுகிற அதே நேரத்தில் தடம் தூக்கிச் செல்லும் ஆள் எண்ணிக்கை குறைகிறது. 20 விநாடி என்பது ஒரு குடும்பம் கதவில் நின்று "ஏறலாமா, அடுத்ததுக்கு இருக்கலாமா" என்று பேசும் நேரம்தான்.

யூனியன் ஸ்டேஷனில் 600 பேர் நின்றால் நான்கு வண்டி காலியாக வந்தாக வேண்டும். முதல் வண்டி உடனே வந்தாலும் 40 நிமிடத்துக்குக் குறையாது. இடையில் இரண்டு வண்டி சேர்ந்தது, மெயின் ஸ்ட்ரீட் நீட்டிப்புக்கென்று எட்டு வண்டி கூடுதலாக வாங்கி, மொத்தம் 14 ஆகியிருக்கிறது. ஆனால் தடமும் இரண்டரை மடங்கு நீண்டுவிட்டது. வண்டி எண்ணிக்கையை மட்டும் பார்த்துக் கூட்டம் இருக்காது என்று நினைத்துவிடக் கூடாது.

#4 ஸ்காபுறோவான்

அண்ணை, கணக்கு சரிதான். ஆனா சிக்னலை விட்டிட்டியள். ரொறன்ரோவில பின்ச் வெஸ்ற் தடம் 2025 டிசம்பர் 7-ல திறந்தது. 10.3 கி.மீ., 18 நிறுத்தம், வீதிக்கு நடுவில தனித்தடம். கார் ஒண்டும் குறுக்க வராது. அப்பிடி இருந்தும் முதல் நாளில இருந்தே ஆக்கள் சொன்ன பெரிய குறை மெதுவா ஓடுது எண்டதுதான். சந்தியில சிவப்பு விழுந்தா 150 பேரோட நிக்கிற வண்டியும், ஒராள் இருக்கிற காரும் ஒரே மாதிரித்தான் காத்து நிக்க வேண்டியிருக்கு. கதவைத் திருத்தினா மட்டும் காணாது.

சிக்னல் முன்னுரிமை எண்டா இரண்டு வேலை. வண்டி கிட்ட வரேக்க பச்சையைச் சில விநாடி நீட்டுறது ஒண்டு, சிவப்பைக் கொஞ்சம் முந்தி முடிக்கிறது மற்றது. இரண்டுக்கும் வண்டி எப்ப சந்திக்கு வரும் எண்டு சிக்னல் பெட்டிக்கு முன்கூட்டியே தெரியவேணும்.

#5 பாயிண்ட்மேன்

தம்பி, நீங்கள் சொல்வது உண்மை, ஆனால் நீங்கள் எழுதிய கடைசி வரியே என் பக்கம் பேசுகிறது. வண்டி எப்போது வரும் என்று சிக்னல் பெட்டி ஊகிக்கிறது. நிறுத்தம் சந்திக்கு முன்னால் இருந்தால், நடைமேடையில் 20 விநாடி நிற்குமா 60 விநாடி நிற்குமா என்று தெரியாமல் பச்சையை நீட்டி வைக்கும், கதவு மூடுவதற்குள் பச்சை போய்விடும். அதனால்தான் நிறுத்தத்தைச் சந்தி தாண்டி வைப்பது நல்லது என்று தடம் வடிவமைப்பவர்கள் சொல்கிறார்கள். வழக்கமான நாட்களில் சிக்னலே பெரிய திருடன். திறப்பு நாளன்று கதவு அதை மிஞ்சிவிடும்.

அமெரிக்கச் சந்திகளில் டிராமுக்கென்று வெள்ளைக் கோடு விளக்கு இருக்கும். நெட்டுக்கோடு என்றால் போகலாம், படுக்கைக்கோடு என்றால் நில். கார்களுக்குச் சிவப்பு இருக்கும்போது டிராம் நகர்ந்தால் ஓட்டுநர் தவறு செய்துவிட்டார் என்று எண்ண வேண்டாம்.

#6 கம்பிவழி

கதவு பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. கதவின் ஓரத்தில் உணர்வுள்ள ரப்பர் விளிம்பு இருக்கும். ஒரு பை, ஒரு கை, ஒரு ஸ்ட்ரோலர் சக்கரம் பட்டால் கதவு திரும்பத் திறக்கும். எல்லாக் கதவும் மூடிப் பூட்டிவிட்டன என்ற சைகை வராமல் மோட்டாருக்கு மின்சாரம் போகாது. ஓட்டுநர் நினைத்தாலும் வண்டியை நகர்த்த முடியாதபடி அது பூட்டப்பட்டிருக்கிறது. ஒருவர் ஒரு கதவில் செய்யும் காரியம் வண்டி முழுவதையும் நிறுத்தும்.

ஒரே கதவு பலமுறை தடைபட்டால் கட்டுப்பாட்டுப் பெட்டி அதைக் கோளாறு என்று பதிந்துகொள்ளும். அப்போது ஓட்டுநர் அறையை விட்டு வெளியே வந்து, கூட்டத்துக்குள் நுழைந்து, அந்தக் கதவைக் கையால் மூடி, சாவி போட்டுத் தனிமைப்படுத்த வேண்டும். நெருக்கமான வண்டியில் இதற்கு நான்கைந்து நிமிடம் போய்விடும். பின்னால் வரும் வண்டி தாண்டிப் போக வழியில்லை. தண்டவாளம் ஒன்றுதானே.

செய்யக்கூடியவை: இறங்குபவர்கள் முடியும் வரை கதவின் இரு பக்கமும் ஒதுங்கி நில்லுங்கள், நேர் எதிரே வேண்டாம். ஏறியதும் இரண்டு அடி உள்ளே தள்ளிப் போங்கள். திறப்பு நாளில் எல்லோரும் படம் எடுக்கக் கதவருகே நிற்பதால்தான் நடுப்பகுதி காலியாகவும் கதவடி அடைத்தும் இருக்கிறது. கதவு மூடும் ஒலி கேட்டபின் கையை நீட்டாதீர்கள்.

#7 புதுப்பயணி

மிக்க நன்றி. ஸ்ட்ரோலரை மடிக்க வேண்டுமா? தளம் சமமாக இருக்குமா?

#8 கம்பிவழி

நடைமேடையிலிருந்து படி ஏறாமல் உருட்டிக்கொண்டே போகலாம். ஆனால் 150 பேர் என்றால், ஆளுக்கு 70 கிலோ வைத்தால், பத்தரை டன். அவ்வளவு பாரம் ஏறும்போது வில்சுருள்கள் அமுங்கி வண்டியின் தளம் சற்றுத் தாழும். காலி வண்டியில் சமமாக இருந்த இடம் நிறைந்த வண்டியில் சிறு விளிம்பாகிவிடும். சின்னச் சக்கர ஸ்ட்ரோலர் அதில் முட்டும். பெரிய சக்கரம் முதலில் வரும்படி, பின்பக்கமாக இழுத்து ஏற்றுங்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மடித்துக் கொண்டுபோக முடியுமானால் அன்றைக்கு அதுதான் உத்தமம். சக்கர நாற்காலிக்கான இடத்தில் ஸ்ட்ரோலரை நிறுத்தினால், நாற்காலி வந்தவுடன் கேட்காமலே விலகுங்கள்.

#9 தண்டவாளம்1435

எங்கே ஏறுவது என்ற கேள்விக்கு வருகிறேன். முனை நிறுத்தத்தில் ஏறுங்கள். நடுவில் நின்றால் நிறைந்த வண்டிகள் கண்முன்னே போகும், இரண்டு பேர் இறங்கினால் இரண்டு பேர் ஏறலாம், அவ்வளவுதான். 2016 திறப்பு மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமையில் விழுந்தது. கிராஸ்ரோட்ஸ் பகுதியில் ஒவ்வொரு மாதமும் ஓவியக்கூடங்கள் திறந்திருந்து தெருவே நிறையும் மாலை அது. 19-ஆம் தெரு நிறுத்தம் நடுவழியில் இருக்கிறது. வழக்கமான கூட்டமும் திறப்புக் கூட்டமும் ஒரே இடத்தில் சேர்ந்தால் நடு நிறுத்தத்துக்கு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

#10 பாயிண்ட்மேன்

இதில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. ரிவர் மார்க்கெட் சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றில் வண்டி நின்று திரும்புவதில்லை, போய்க்கொண்டே இருக்கும். சவாரிக்காகவே வந்தவர்கள் இறங்க மாட்டார்கள், அப்படியே சுற்றித் தெற்கே திரும்புவார்கள். வரிசையில் நிற்பவர்களுக்கு இடம் கிடைக்காது. ஓட்டுநர் இந்த முனை அறையிலிருந்து அந்த முனை அறைக்கு மாறிப் போகிற முட்டு முனையில்தான் வண்டி சில நிமிடம் நிற்கும், பணியாளர்கள் காலி செய்யச் சொல்லவும் வாய்ப்பு. தெற்கே பல்கலைக்கழக முனை அந்த வகை. திறப்பு நாளில் எல்லோர் கண்ணும் புது முனை மேல் இருக்கும், எதிர்முனையில் வரிசை குட்டை. வடக்கே புதுத் தடம் திறந்தால் தெற்கே போய் ஏறி, முழுத் தடத்தையும் பார்த்துக்கொண்டே வடக்கே வாருங்கள். நேரம் கூடும், உட்கார இடம் கிடைக்கும்.

#11 தண்டவாளம்1435

ஒப்புக்கொள்கிறேன். சுற்றை நான் முனை என்று எண்ணியது தவறு. பிள்ளைகளோடு வருகிறவருக்கு நீங்கள் சொன்ன வழிதான் நல்லது.

#12 மிதிவண்டிக்காரி

வண்டியில் ஏறாமல் பக்கத்தில் சைக்கிளில் பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு சொல். தண்டவாளத்தின் பள்ளம் ஏறக்குறைய 4 செ.மீ. அகலம். 25 முதல் 35 மி.மீ. டயர் அதற்குள் அப்படியே இறங்கிவிடும். இறங்கினால் கைப்பிடியைத் திருப்ப முடியாது, விழுவது உறுதி. செங்குத்தாகக் கடக்க வேண்டும். இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் நேராகச் சந்தியைத் தாண்டி, அங்கே நின்று, சைக்கிளைத் திருப்பி, அடுத்த பச்சைக்குப் போங்கள். மழையில் எஃகு வழுக்கும், கடக்கும்போது பிரேக் வேண்டாம், மிதிக்கவும் வேண்டாம், உருண்டு போகட்டும். புதுத் தடம் திறந்த முதல் வாரங்களில் அந்தத் தெரு பழக்கமானவர்களும் விழலாம். தெரு மாறியது கண்ணுக்குத் தெரியும், உடலுக்குத் தெரிய நாளாகும்.

#13 கம்பிவழி

காரில் வருகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். மெயின் தெருவில் நிறுத்துமிடத்தை ஒட்டி வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள். கார் முழுவதும், பக்கக் கண்ணாடி உட்பட, அந்தக் கோட்டுக்குள் இருக்க வேண்டும். பஸ் என்றால் அரை அடி ஒதுங்கிப் போகும். டிராம் ஒரு அங்குலம்கூட ஒதுங்காது. கண்ணாடி வெளியே நீட்டியிருந்தால் ஓட்டுநர் மணி அடிப்பார், கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்வார், இழுவை வண்டி வரும். அதுவரை அந்தத் திசையில் எல்லா வண்டியும் நிற்கும். வாஷிங்டனில் எச் தெருத் தடம் 2016 பிப்ரவரி 27-ல் திறக்கும் முன்பே சோதனை ஓட்டத்தில் நின்ற கார்களோடு உரசல்கள் நடந்தன. தடத்தின் குற்றம் என்று எழுதினார்கள். கார் நிறுத்தும் தெருவின் ஓரத்தில் தடம் போட்டு, கார்கள் கோட்டைத் தாண்டி நின்றால் எந்த ஊரிலும் இதுதான் நடக்கும்.

#14 புதுப்பயணி

வண்டியில் உட்கார இடம் கிடைத்துவிட்டால் எதைக் கவனிப்பது? பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்ட வேண்டும்.

#15 தண்டவாளம்1435

நல்ல கேள்வி. முதலில் வளைவு. ரிவர் மார்க்கெட்டில் வண்டி திரும்பும்போது கீச்சென்ற சத்தம் வரும். சக்கரங்கள் வளைவில் உருளுவதோடு பக்கவாட்டில் சற்று வழுக்கவும் செய்கின்றன, அந்த வழுக்கல்தான் சத்தம். புதுத் தண்டவாளமும் புதுச் சக்கரமும் ஒன்றுக்கொன்று தேய்ந்து பொருந்தும் வரை சத்தம் கூடுதலாக இருக்கும். மழை நாளில் குறைவு, நீர் மசகாகிவிடுகிறது.

அடுத்து மேலே பார்க்கச் சொல்லுங்கள். கம்பி தடத்துக்கு நேர் நடுவில் போகாது. ஒரு கம்பத்தில் இந்தப் பக்கம், அடுத்ததில் அந்தப் பக்கம் என்று வளைந்து வளைந்து கட்டியிருக்கும். நேராகக் கட்டினால் பேண்டோகிராஃபின் (கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் கூரைக் கையின்) கரித்தகட்டில் ஒரே இடத்தில் அறுத்துப் பள்ளம் விழும். விலக்கிக் கட்டினால் தகடு முழுவதும் சமமாகத் தேயும்.

பிறகு மணல். ஈரமான தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கினால் சக்கரத்துக்கு முன் சிறு குழாயிலிருந்து மணல் விழும். வண்டி போனபின் தண்டவாளத்தின் மேல் வெள்ளைப் பொடி தெரிந்தால் அதுதான். இலையுதிர் காலத்தில் அதிகம் பார்க்கலாம்.

பாயிண்ட், அதாவது தடம் இரண்டாகப் பிரியும் அமைப்பு, உள்ள இடத்தில் வண்டி ஏன் மெதுவாகிறது என்றும் கேட்பார்கள். ஓட்டுநர் தன் அறையிலிருந்தே பாயிண்டைத் திருப்பச் சொல்கிறார், பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று காட்டுகிறது, அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் போவார். ஒரு கல்லோ பனிக்கட்டியோ சிக்கியிருந்தால் இறங்கி, இரும்புக் கம்பியால் கையால் திருப்புவார்.

#16 ஸ்காபுறோவான்

ஒண்டு சேர்க்கிறன். திறக்கிறதுக்கு முந்தி ஸ்பொஞ்சுத் துண்டுகளை வண்டியின்ர பக்கத்தில ஒட்டிக்கொண்டு நடை வேகத்தில ஓட்டுவினம். நடைமேடை, கம்பம், பலகை எதிலயாவது உரசினா அந்தத் துண்டு காட்டிக்குடுக்கும். பிறகு ஆளேத்தாமல் கால அட்டவணைப்படி ஓட்டிப் பாப்பினம். அந்தப் பரீட்சையில கூட்டம் எண்ட ஒண்டு மட்டும் இராது. அதைத் திறப்பு நாளிலதான் முதல்முதல் பாக்கிறது.

#17 மிதிவண்டிக்காரி

ஏன் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை திறக்கிறார்கள்? தேதிகளைப் பார்த்தால் போர்ட்லாந்து 2001 ஜூலை 20, டூசான் 2014 ஜூலை 25, கான்சஸ் சிட்டி 2016, சின்சினாட்டி 2016 செப்டம்பர் 9, டெட்ராய்ட் 2017 மே 12, மில்வாக்கி 2018 நவம்பர் 2. எல்லாமே வெள்ளி.

#18 பாயிண்ட்மேன்

வேடிக்கை பார்க்க வரும் கூட்டம் மூன்று நாளில் பிரிந்துவிடும். திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவர் ஏறும்போது ஓட்டுநர்களுக்கும் கதவுகளுக்கும் மூன்று நாள் பழக்கம் ஆகியிருக்கும். பேச்சும் நாடா வெட்டுவதும் வேலை நாளில் நடந்தால் அதிகாரிகளும் செய்தியாளர்களும் வருவார்கள். என் கணிப்பு இது. வாஷிங்டன் சனிக்கிழமை, பின்ச் வெஸ்ற் ஞாயிற்றுக்கிழமை, ஆகவே சட்டம் ஒன்றும் இல்லை.

#19 கம்பிவழி

போர்ட்லாந்தைக் குறிப்பிட்டதால் ஒன்று. இந்தக் காலத்து டிராமை அமெரிக்கா மறுபடி கையில் எடுத்தது அங்கேதான். செக் நாட்டின் ஸ்கோடா வண்டிகள். 8 அடி அகலம், 12 அங்குல ஆழத்தில் மட்டும் தோண்டி கான்கிரீட் பலகை போட்டு அதில் தண்டவாளத்தைப் பதித்தார்கள். ஆழம் குறைந்ததால் அடியில் போகும் குடிநீர், கழிவுநீர்க் குழாய்கள் பலவற்றை நகர்த்த வேண்டியிருக்கவில்லை. மற்ற ஊர்கள் அதைப் பார்த்துத்தான் துணிந்தன. கான்சஸ் சிட்டியில் பழைய டிராம் கடைசியாக ஓடியது 1957 ஜூன் 23. சென்னையில் 1895-ல் தொடங்கிய மின்சார டிராம் 1953-ல் நின்றது. ஏறக்குறைய ஒரே காலத்தில் இழந்த இரண்டு ஊர்கள். ஒன்று 59 ஆண்டு கழித்துத் திரும்ப எடுத்துக்கொண்டது. சென்னையின் அந்த டிராமுக்கு முதலில் மேலே கம்பி இல்லை, தெருவுக்கடியில் ஓடிய குழாய்வழிக்குள் இருந்த மின்கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்தது. மழைநீரைத் தாங்காமல் பிறகு மேல்கம்பிக்கு மாறினார்கள். எனக்கு மிகவும் பிடித்த தொழில்நுட்ப வரலாறு இது.

#20 புதுப்பயணி

நடுவழியில் நின்றால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

#21 கம்பிவழி

கம்பியில் மின்சாரம் போனாலும் பேட்டரி இருக்கிறது. விளக்கு, அறிவிப்பு, கதவு வேலை செய்யும். குளிர்சாதனம் நின்றுவிடும், நெருக்கமான வண்டி சீக்கிரம் சூடாகும். பிள்ளைகளுக்குத் தண்ணீர் வைத்திருங்கள். அவசரக் கைப்பிடியை இழுக்காதீர்கள். இழுத்தால் கதவுப் பூட்டின் சைகை அறுந்து, சரியான வண்டியும் நகராமல் போகும்.

கம்பி அறுந்து வண்டி மேலோ பக்கத்திலோ விழுந்தால் உள்ளேயே இருங்கள். உள்ளே இருப்பவருக்கு ஆபத்து இல்லை. ஒரு கால் வண்டியிலும் ஒரு கால் தரையிலும் வைப்பவருக்குத்தான் ஆபத்து. மின்சாரம் நிறுத்தியாயிற்று என்று பணியாளர் சொன்ன பிறகு இறங்கலாம்.

வண்டி ஓடும்போது உள்ளே இருக்கும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள், இது எல்லாவற்றையும்விட முக்கியம். யாராவது குறுக்கே வந்தால் ஓட்டுநர் காந்தப் பிரேக்கையும் போடுவார். அது தண்டவாளத்தையே கவ்விப் பிடிக்கும், வழக்கமான பிரேக்கைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு இழுக்கும். கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு பிடிக்காமல் நிற்பவர் அப்படியே முன்னால் போய் விழுவார். திறப்பு நாளில் தெருவில் இறங்கிப் படம் எடுப்பவர்கள் அதிகம் என்பதால் அந்தப் பிரேக் விழ வாய்ப்பும் அன்று அதிகம்.

#22 புதுப்பயணி

அப்படியானால் நாடா வெட்டியதும் முதல் வண்டிக்கு நிற்கட்டுமா, இரண்டாவதுக்கா?

#23 பாயிண்ட்மேன்

இரண்டுக்கும் வேண்டாம். முதல் வண்டி அழைக்கப்பட்டவர்களுக்கு. விழா தடத்தின் மேலேயே நடப்பதால், முடியும்போது வண்டிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேங்கி நிற்கும், ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு புறப்படும். முன்னது கூட்டத்தை அள்ளிக்கொண்டு தாமதிக்கும், பின்னது காலியாக அதன் முதுகில் நிற்கும். பிரிந்து இடைவெளி சீராக ஒரு முழுச் சுற்றாவது ஆகும். விழா முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, தெற்கு முனையில் நில்லுங்கள். நிறைந்த வண்டிக்குப் பின்னால் இரண்டு மூன்று நிமிடத்தில் இன்னொன்று தெரிந்தால் அதற்கு நில்லுங்கள். கூரையிலோ கம்பத்திலோ உள்ள பலகை அடுத்த வண்டி நேரத்தைக் காட்டும்.